டிஜிட்டல் அம்பில் (கிற்றார் அம்ப்ளிஃபயரில்) மெட்டல் டோன் எடுக்கவே ஏலாமல் இருக்கிறது – திருகோணமலைப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?

நிலாவெளி_ரிஃப்

வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். கையில் இருப்பது இரண்டு ஹம்பக்கர் பிக்கப் போட்ட சாதாரண கிற்றார், சின்ன யுஎஸ்பி ஓடியோ இன்டர்ஃபேஸ், பழைய லப்டொப், றீப்பர் என்ற பதிவு மென்பொருள், அதற்குள் நியூரல் அம்ப் மொடலர் ("நாம்", அம்பைப் போல ஒலிக்கிற ப்ளகின்). அதில் பீவி 5150 அம்பின் கப்ச்சர் (டிஜிட்டல் நகல்) ஒன்றை ஏற்றி, பின்னால் இலவசமாகக் கிடைத்த ஒரு கேப் ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைத் தருகிற ஃபைல்) போட்டிருக்கிறேன். ட்யூனிங் ட்ரொப் சி, அதாவது கீழ்க் கம்பி சி வரை இறக்கியது. வீட்டில் அம்ப் வைத்து அடிக்க வழியில்லை, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை, ஆகவே எல்லாம் இரவில் ஹெட்போனில்தான்.

பிரச்சினை என்னவென்றால் மேலே கொசுக் கூட்டம் மாதிரி ஒரு இரைச்சல், கீழே பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அடக்கி) அடித்தால் "ஜக் ஜக்" என்று வெட்டாமல் "பூம்ம்" என்று இழுபடுகிறது. கெயினை (டிஸ்டோர்ஷன் அளவை) கூட்டினால் இன்னும் மோசம், குறைத்தால் மெட்டலே இல்லை. காசு கொடுத்து ஒரு ப்ரீசெட் (தயார் அமைப்புகள்) பொதியும் வாங்கிப் பார்த்தேன், விளம்பர வீடியோவில் கேட்டதில் பாதிகூட இல்லை, ஒரே மங்கல். வேறு அம்ப் மொடல் தேடுவதா, கிற்றாரை மாற்றுவதா?

தூரமுழக்கம்

கிற்றாரை மாற்று, ட்யூனிங்கை மாற்று, வீட்டையும் மாற்று. முதலில் கிளிப் போடு மச்சான், கேட்காமல் என்னத்தைச் சொல்ல.

நிலாவெளி_ரிஃப்

போட்டிருக்கிறேன். முதல் பாதி ரிஃப் (திரும்பத் திரும்ப வருகிற துண்டு), பிறகு கொஞ்சம் லீட் (தனி வாசிப்பு). லீட்டைப் பற்றி யாரும் கதைக்க வேண்டாம்.

வால்வு_அண்ணை

தம்பி, சொன்னால் கோபிக்காதே. மெட்டல் என்றால் காற்றைத் தள்ள வேண்டும். நான்கு 12 அங்குல ஸ்பீக்கர் போட்ட கேப் முன்னால் நின்று ஒரு பவர் கோர்ட் அடித்தால் காற்சட்டை ஆடும், அந்த ஆட்டம் உன் கைக்குத் திரும்பி வரும், கை அதற்கேற்றபடி அடிக்கும். ஹெட்போனுக்குள் அது எப்படி வரும்? நீ ப்ளகினைக் குறை சொல்லிப் பயனில்லை, அதனால் ஏலாத வேலையை அதனிடம் கேட்கிறாய். பழைய டியூப் அம்ப் ஒன்று கொழும்பில் செகண்ட் ஹாண்டில் வரும்போது பார்த்து எடு.

நாம்_பைத்தியம்

அண்ணை, இது ஒவ்வொரு இழையிலும் வருகிற பாட்டு. லைன் 6 பொட் என்ற மொடலர் பெட்டி 1998இல் வந்தபோது நீங்கள் சொல்வதில் நியாயம் இருந்தது. 2006இல் அக்ஸ்-எஃப்எக்ஸ் வந்தது, 2011இல் கெம்பர் வந்தது, இப்போது பெரிய மெட்டல் குழுக்களில் பலர் மேடைக்குப் பின்னால் ஒரு பெட்டியை வைத்துவிட்டு ஊர் ஊராகப் போகிறார்கள். மெட்டாலிகா 2013 டிசம்பரில் அண்டார்டிக்காவில் வாசித்தபோது மேடையில் வழக்கமான அம்ப் சத்தமே இல்லை, சுற்றுச்சூழலுக்காகப் பார்வையாளர்களுக்கு ஹெட்போன் கொடுத்துத்தான் கேட்க வைத்தார்கள். கிற்றார் முழுக்க மொடலர். அங்கே யாருடைய காற்சட்டையும் ஆடவில்லை.

தம்பியிடம் இரண்டு கேள்வி. அந்த 5150 கப்ச்சர் அம்ப் தலை மட்டுமா, அல்லது கேப்பும் மைக்கும் சேர்ந்த முழு ரிக்கா? வாங்கிய பொதியில் உள்ளவை எந்த வகை? முழு ரிக் கப்ச்சருக்குப் பின்னால் இன்னொரு ஐஆர் போட்டால் ஒலி இரண்டு கேப் வழியே போகிறது. நீ சொல்கிற அந்த மங்கல் அதுவாகத்தான் இருக்கும்.

நிலாவெளி_ரிஃப்

5150 தலை மட்டும்தான். பொதியில் உள்ள ஃபைல்களின் பெயரில் "ஃபுல் ரிக்" என்று இருக்கிறது. அதற்குப் பின்னாலும் ஐஆர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நாம்_பைத்தியம்

சரி, பொதியின் கதை முடிந்தது. ஐஆரை அணைத்துவிட்டுத் திரும்பக் கேள். விற்றவர்கள் இதை ஒரு வரியில் எழுதியிருக்கலாம்.

கீழ்த்தந்தி

கிளிப்பை ஸ்பீக்கரிலும் ஹெட்போனிலும் கேட்டேன். 5150 கப்ச்சரில் குறை இல்லை, கிற்றாரும் போதும். அம்புக்கு முன்னாலும் பின்னாலும் நடக்கிறதில்தான் சிக்கல். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முன்னால். டிஸ்டோர்ஷன் தன்னிடம் வருகிற எதையும் விட்டுவைக்காது. உன் ட்ரொப் சி ட்யூனிங்கில் கீழ்க் கம்பி 65 ஹெர்ட்ஸ். அந்தப் பெரிய அலைதான் முதலில் போய் அம்பின் கெயினில் முட்டி நசுங்குகிறது, மற்றதெல்லாம் அதன் முதுகில் ஏறி ஆடுகிறது. அதுதான் உன் "பூம்ம்". அம்பில் உள்ள பாஸ் திருகைக் குறைத்துப் பார்த்திருப்பாய், பெரிய மாற்றம் வந்திராது, ஏனென்றால் இந்த வகை அம்புகளில் டோன் திருகுகள் கெயினுக்குப் பிறகு வருகின்றன. நசுங்கியதை நசுங்கிய பிறகு திருத்த ஏலாது. கீழ்ப்பகுதியை அம்புக்குள் நுழைய முன்னமே வழிக்க வேண்டும்.

ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர் பெடலை மெட்டல்காரர் அம்புக்கு முன்னால் வைப்பது இதற்காகத்தான். ட்ரைவ் பூச்சியம், லெவல் முழுக்க, டோன் நடுவில். அந்தப் பெடலின் டிஸ்டோர்ஷன் நமக்கு வேண்டாம், அது கீழ்ப்பகுதியைக் குறைத்து 720 ஹெர்ட்ஸ் சுற்றி நடுவைத் தூக்கிக் கொடுக்கிறதே, அதுதான் வேண்டும். அதன் இலவச ப்ளகின்கள் நிறைய இருக்கின்றன. ஒன்றும் இல்லாவிட்டால் றீப்பரின் சொந்த ஈக்யூவை (ஒலியைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கிற கருவியை) அம்புக்கு முன்னால் போட்டு 100 அல்லது 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 700 சுற்றி 4 டெசிபெல் தூக்கு. அடித்துப் பார்த்தால் உடனே விளங்கும்.

இனிப் பின்னால். கிற்றாருக்குச் செய்த 12 அங்குல ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் சடாரென்று விழுந்துவிடும். டிஸ்டோர்ஷன் உண்டாக்குகிற சீறலை அந்த ஸ்பீக்கர்தான் இத்தனை வருடமாக நமக்குத் தெரியாமல் வடிகட்டி வந்திருக்கிறது. ஐஆர் அந்த வேலையைச் செய்ய வேண்டும், ஆனால் உன் ஐஆரில் மைக்கை ஸ்பீக்கரின் நடுக் குமிழுக்கு நேரே வைத்திருக்கிறார்கள் போல. அங்கே ஒலி மிகக் கூர்மை. அதே கேப்பில் மைக் ஓரத்துக்கு நகர்ந்த ஃபைல் இருந்தால் அதை எடு. மீசா 4x12 கேப், அதற்குள் செலஸ்டியன் வின்டேஜ் 30, முன்னால் ஷூர் எஸ்எம்57, இந்தச் சேர்க்கையில்தான் நீ கேட்டு வளர்ந்த ரிஃப்களில் பாதி பதிவாகியிருக்கும். ஐஆருக்குப் பிறகு 80 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் (அதற்குக் கீழே வெட்டு), 8000 பக்கத்தில் லோபாஸ் (அதற்கு மேலே வெட்டு). கொசு அதிலேயே பெரும்பாலும் போய்விடும்.

அம்ப் மொடலைத் தேடி நாட்களைப் போக்குகிறவர்கள் ஐஆருக்கு அதில் கால்வாசி நேரம்கூடக் கொடுப்பதில்லை. என்னைக் கேட்டால் அது தலைகீழாக இருக்க வேண்டும். நல்ல ஹைகெயின் கப்ச்சர்கள் இரண்டுக்கு இடையில் உள்ள வித்தியாசத்தைவிட இரண்டு ஐஆர்களுக்கு இடையில் உள்ளது எத்தனையோ மடங்கு பெரிது.

வால்வு_அண்ணை

பெடலைப் பற்றித் தங்கச்சி சொன்னது சரி. இது டிஜிட்டல்காரர் கண்டுபிடித்ததும் இல்லை. பிளக் சபத்தின் டோனி அயோமி 1970 முதல் தட்டிலேயே ட்ரெபிள் பூஸ்டர் (உச்சப் பகுதியைத் தூக்குகிற பெடல்) ஒன்றை அம்புக்கு முன்னால் வைத்துத்தான் வாசித்தார். பேர்மிங்ஹாம் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனி போன மனிதர், மெல்லிய கம்பி போட்டு, பிறகு ட்யூனிங்கையும் இறக்கி, அந்தத் தளர்ந்த கம்பியைத் தெளிவாகக் கேட்க வைத்தாரே, அதைக் கவனியுங்கள். கீழே போகப் போக முன்னால் வெட்ட வேண்டும். ஆனால் காற்சட்டை விஷயத்தில் என் கருத்து மாறாது.

தூரமுழக்கம்

அப்போ சுவீடன்காரர்? அந்த பொஸ் எச்எம்-2 பெடலில் எல்லாத் திருகையும் முழுக்கத் திருப்பி வைத்துத்தானே ஸ்டொக்ஹோம் டெத் மெட்டலே வந்தது. அங்கே எந்த அளவு, எந்த வெட்டு?

கீழ்த்தந்தி

அது வேறு கணக்கு. எச்எம்-2 தானே ஒரு ஈக்யூ பெட்டி, 1000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அது தூக்குகிற தூக்குதான் அந்த மரம் அறுக்கிற சத்தம். ட்ரொப் சியில் வேகமான ரிஃப் வெட்டி வெட்டிக் கேட்க வேண்டும் என்றால் அது உதவாது, அழுகிப்போன மாதிரி ஒரு சத்தம் வேண்டும் என்றால் அதைவிட நல்லது இல்லை.

சீனன்குடா_சொல்டர்

எல்லோரும் டோன், டோன் என்கிறீர்கள், கிளிப்பில் ரிஃப் நிற்கிற இடத்தில் பின்னால் ஒரு "ம்ம்ம்" ஓடுவதை யாரும் கேட்கவில்லையா? தம்பி, லப்டொப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பட்டரியில் பதிந்து பார். சத்தம் குறைந்தால் வீட்டு எர்த்தில் பிரச்சினை இருக்கலாம். நம்மூரில் பழைய வீடுகளில் மூன்று முள் ப்ளக் பொயின்ட் இருக்கும், எர்த் வயர் மட்டும் எங்கேயும் போகாது. சதுர முள்ளும் வட்ட முள்ளும் எல்லாம் ஏறுகிற நீட்டுப் பலகைகள் இருக்கின்றனவே, அவற்றில் சிலதில் எர்த் முள்ளுக்கு உள்ளே தகடே இல்லை, நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன். கரண்ட் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, அதன் மடங்குகள் 100, 150 என்று உன் கெயினுக்குள் வந்து ஏறும். வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார். ஹம் போகட்டும் என்று சொல்லி எர்த் முள்ளை வெட்டுகிற மேதாவிகளும் இருக்கிறார்கள், அதை மட்டும் செய்யாதே. கம்பியில் கை வைத்திருக்கிறாய், உயிர் விஷயம்.

இன்னொன்று, இன்டர்ஃபேஸில் "இன்ஸ்ட்" என்று ஒரு பொத்தான் இருக்கும், அது போட்டிருக்கிறதா? லைனில் விட்டால் பிக்கப்பை அந்த இன்புட் கீழே இழுத்துவிடும், உச்சப் பகுதி செத்துவிடும், பிறகு அதை ஈடுகட்ட நீ ப்ரெசன்ஸை (அம்பின் உச்சத் திருகை) கூட்டுவாய், அங்கே கொசு திரும்பி வரும்.

நிலாவெளி_ரிஃப்

நன்றி அண்ணா, அக்கா, எல்லோருக்கும். செய்து பார்த்தவை: பெடல் ப்ளகின் முன்னால், ட்ரைவ் பூச்சியம். ஓரத்து மைக் ஐஆர். 80க்கும் 8000க்கும் வெட்டு. "இன்ஸ்ட்" ஏற்கெனவே போட்டுத்தான் இருக்கிறது. பட்டரியில் ஓடினால் ஹம் பாதிக்கு மேல் போகிறது, எர்த் பார்க்க ஆள் சொல்லியாயிற்று.

புதுக் கிளிப் போட்டிருக்கிறேன். ரிஃப் வெட்டுகிறது! ஆனால் தனியாகக் கேட்டால் கொஞ்சம் மெலிவாக, மூக்கால் கதைக்கிற மாதிரி இருக்கிறது. முன்பு இருந்த கனம் இல்லை. இது சரியா?

கீழ்த்தந்தி

சரிதான். தனியாகக் கேட்காதே. கனம் என்று நீ தேடுவது பாஸ் கிற்றாரின் வேலை. மெட்டல் பதிவுகளில் கிற்றாரை மட்டும் பிரித்துக் கேட்டால் பலருக்கும் ஏமாற்றம்தான், அவ்வளவு மெலிவாக இருக்கும். பாஸ் வந்து கீழே உட்கார்ந்ததும் இரண்டும் ஒரே வாத்தியமாகி எழும்பும். பாஸுக்கும் கொஞ்சம் டிஸ்டோர்ஷன் போடு, ஆனால் அதன் அடிப்பகுதியைச் சுத்தமாகத் தனியாகப் பிரித்து விட்டு, மேல் பகுதிக்கு மட்டும். பாஸ் வாசிக்க ஆள் இல்லாவிட்டால் கிற்றாரையே ஒரு ஸ்தாயி (ஒக்டேவ்) இறக்கித் தற்காலிகமாகப் போட்டுப் பார், மிக்ஸ் எப்படி உட்காரும் என்று ஒரு எண்ணம் வரும்.

அடுத்தது, ஒரே கிற்றாரைப் பதிந்து நடுவில் வைத்திருக்கிறாய். அதே ரிஃபை இன்னொரு தரம் வாசித்து ஒன்றை முழு இடது, ஒன்றை முழு வலது. கொப்பி பேஸ்ட் செய்யக் கூடாது, அது சத்தத்தை மட்டும் கூட்டும், அகலம் தராது. கொப்பியைச் சில மில்லிசெகண்ட் தள்ளி வைத்தால் அகலம் வந்த மாதிரி இருக்கும், ஃபோன் ஸ்பீக்கரில் மோனோவாகக் கேட்கும்போது ஓட்டை ஓட்டையாகிவிடும். இரண்டு தரமும் உன் கையால் வாசித்ததில் வருகிற சின்னச் சின்ன வித்தியாசம்தான் அந்தச் சுவர்.

இரண்டு பக்கமும் வாசித்ததும் கெயினைக் குறை. நீ நினைப்பதைவிட நிறைய. இரண்டு தடமும் சேரும்போது டிஸ்டோர்ஷன் தானாகத் தடிக்கும்.

நாம்_பைத்தியம்

கெயின் விஷயத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ரிதத்துக்குச் சரி. லீட்டுக்கு அதையே கொண்டுபோனால் கம்பியை வளைத்து நிறுத்துகிற இடத்தில் ஒலி செத்துவிடும். நம் காதுக்குக் கமகம் பழகியிருக்கிறது, ஒரு ஸ்வரத்தைப் பிடித்து அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குக் கெயின் தரும் அமுக்கம் வேண்டும். லீட்டுக்குத் தனித் தடம், தனி கப்ச்சர், பூஸ்டில் ட்ரைவையும் கொஞ்சம் ஏற்று.

கீழ்த்தந்தி

லீட்டைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்று அவனே சொல்லியிருக்கிறான். ஆனால் ஓம், தனித் தடம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். இன்புட் லெவலை மட்டும் கவனி. கடுமையாக அடித்தாலும் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கத்தில் நிற்கட்டும், சிவப்பு எரிந்தால் அது இன்டர்ஃபேஸின் கிளிப்பிங், எந்த மொடலாலும் அதைத் திருத்த ஏலாது. மற்றவரின் ப்ரீசெட் உன் கையில் வேறாகக் கேட்பதற்கும் பாதிக் காரணம் இதுதான். அவருடைய பிக்கப் வேறு, அவர் உள்ளே அனுப்பிய லெவல் வேறு.

நிலாவெளி_ரிஃப்

நொய்ஸ் கேட் (வாசிக்காத நேரத்தில் இரைச்சலை அடைக்கிற ப்ளகின்) எங்கே வைப்பது? ரிஃப் நிறுத்துகிற இடம் பட்டென்று நிற்க வேண்டும். இன்னொன்று, வாசிக்கும்போது சத்தம் கொஞ்சம் பிந்தி வருகிறது.

சீனன்குடா_சொல்டர்

கேட் எல்லாவற்றுக்கும் முன்னால், பெடலுக்கும் முன்னால். கெயினுக்குப் பிறகு ஒலி முழுக்க ஒரே உயரமாகிவிடும், கேட்டுக்கு எது வாசிப்பு எது இரைச்சல் என்று தெரியாது. சுத்தமான சிக்னலில் அது இலகுவாகத் தெரியும். நிறுத்தும் இடத்தில் வலது கையும் இடது கையும் சேர்ந்து கம்பியை அடக்காவிட்டால் எந்தக் கேட்டும் உதவாது.

பிந்துவதற்கு பஃபரை (லப்டொப் ஒரு தரத்தில் எடுக்கிற ஒலித் துண்டின் அளவை) பார். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லிசெகண்ட். போய் வருவதும் ட்ரைவர் எடுப்பதும் சேர்ந்து இன்னும் கூடும். ஒலி காற்றில் ஒரு மீற்றர் போக 3 மில்லிசெகண்ட் அளவு எடுக்கிறது, ஆகவே கேப்பிலிருந்து மூன்று மீற்றர் தள்ளி நிற்கிற வால்வு அண்ணைக்கும் 9 மில்லிசெகண்ட் பிந்தித்தான் கேட்கிறது, அவர் ஒருநாளும் முறையிட்டதில்லை. 128இல் வெடி வெடி என்று உடைந்தால் வைஃபையை அணை, பிரவுசரை மூடு, இன்டர்ஃபேஸ் செய்தவர்களின் சொந்த ஏசியோ ட்ரைவரைப் போடு.

வால்வு_அண்ணை

முறையிடாதது உண்மைதான். அந்த 9 மில்லிசெகண்டுக்குள் சந்தோஷமும் சேர்ந்து வருகிறது.

நிலாவெளி_ரிஃப்

எர்த் சரி செய்தாயிற்று, நீட்டுப் பலகையில்தான் பிழை. இரட்டைத் தடத்தில் கெயினை பாதியாகக் குறைத்துப் பதிந்த கிளிப் மேலே இருக்கிறது, பாஸ் வாசித்தது என் மச்சான். கடைசியாக ஒரு கேள்வி. உப்புவெளிப் பக்கம் ஒரு சின்ன நிகழ்ச்சியில் மூன்று பாட்டு வாசிக்கக் கேட்டிருக்கிறார்கள். சவுண்ட் சேர்விஸ்காரர் கோயில் திருவிழாவுக்குப் போடுகிற செட்தான் கொண்டுவருவார். லப்டொப்பை நேரே அவருடைய மிக்ஸரில் கொடுக்கலாமா?

தூரமுழக்கம்

கேட்டேன். இது ரிஃப்! ஸ்னேர் மட்டும் மெஷின் என்று பட்டவர்த்தனமாகத் தெரிகிறது, நிகழ்ச்சிக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லு.

கீழ்த்தந்தி

கொடுக்கலாம். பிஏ (சவுண்ட் சேர்விஸ்காரரின் மேடை) ஸ்பீக்கர் முழு வீச்சு ஸ்பீக்கர், ஆகவே ஐஆர் ஓடியே ஆக வேண்டும். அந்த செட்டில் ஹோர்ன் (உச்ச ஒலிக்கான குழல்) கடுமையாக இருக்கும், லோபாஸை 8000இலிருந்து 6000 பக்கம் இறக்கு. யாராவது உண்மையான கேப்பைக் கொண்டுவந்து அதன் பவர் அம்பில் கொடுத்தால் அப்போது மட்டும் ஐஆரை அணை.

இரவில் மெதுவான சத்தத்தில் செய்த டோனை அப்படியே கொண்டுபோகாதே. சத்தம் குறையும்போது நம் காது அடியையும் உச்சியையும் குறைவாகக் கேட்கும், ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து வைத்த விஷயம். அதனால் ஹெட்போனில் பாஸையும் ப்ரெசன்ஸையும் நீ அறியாமலே கூட்டியிருப்பாய், மேடையில் இரண்டும் முகத்தில் அடிக்கும். பகலில் ஒரு தரமாவது ஸ்பீக்கரில் பெரிய சத்தத்தில் வைத்து இரண்டையும் குறைத்து, நடுவைக் கூட்டி, மேடைக்கென்று தனி ப்ரீசெட் ஒன்று சேமி. சவுண்ட்காரரிடம் எக்கோ போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லு. கேட்காமலே போடுவார்.

வால்வு_அண்ணை

என்னிடம் கேப் இருக்கிறது, பவர் அம்பும் இருக்கிறது. ஓர்ஸ்ஹில்லிலிருந்து ஆட்டோவில் ஏற்றலாம். லப்டொப்பை அதில் மாட்டிப் பார்ப்போம், பிறகு யார் சொன்னது சரி என்று கதைப்போம்.

நிலாவெளி_ரிஃப்

கட்டாயம் அண்ணை. ஐஆரை அணைத்துவிட்டு வருகிறேன். கம்பி என்ன அளவு போடலாம்? இப்போது இருப்பது 9-42 மெல்லிய செட், ட்ரொப் சிக்கு ஆடுகிறது, போதாததற்குக் கடல் காற்றில் கறுத்தும் போயிற்று.

சீனன்குடா_சொல்டர்

அதை இவ்வளவு நேரம் சொல்லவில்லையே! 9-42 ட்ரொப் சியில் அடித்ததும் சுருதி மேலே ஓடித்தான் திரும்பி வரும், உன் "பூம்ம்" பாதி அங்கேயே பிறக்கிறது. 11-54 போடு, கீழ்க் கம்பி நட்டின் (கழுத்து முனைத் துண்டின்) வெட்டில் உட்காராவிட்டால் வெட்டைக் கொஞ்சம் அகலமாக்க வேண்டும், கொண்டுவா, அரம் இருக்கிறது. போட்ட பிறகு 12ஆம் ஃப்ரெட்டில் சுருதி பார்த்து இன்டொனேஷன் (ஃப்ரெட் எங்கும் சுருதி ஒத்திருப்பது) சரிசெய். கடற்கரையில் வாசிப்பதால் பூச்சுப் போட்ட கம்பி எடு, விலை கூடத்தான், ஆனால் வாடைக் காலத்தில் சாதாரண கம்பி ஒரு கிழமை தாங்காது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துப் பையில் போட்டு மூடு.